தேரி வண்டுக்குப் புதுப் பெயர் வேண்டுமா? நாங்குநேரியில் பொறி போட்டுப் பார்த்த கதை

தேரி என்கிற செம்மணல் மேட்டில் சாணி வண்டு பிடிக்கக் குழிப்பொறி வைப்பது தனி வேலை. கரிசலிலோ வண்டலிலோ ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்தால் அசையாமல் இருக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் புதைத்துவிட்டுக் கையைத் தட்டுவதற்குள் ஓரம் சரிந்து உள்ளே பாதி மணல். ஆடிக் காற்றென்றால் டப்பா எங்கே இருந்தது என்றே தேட வேண்டும். நாங்கள் கண்ட வழி இதுதான்: அகலமான பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அதை முதலில் மணலுக்குள் திருகி இறக்கி, உள்ளிருக்கும் மணலை அள்ளிவிட்டு, டப்பாவை அதற்குள் இறக்குவது. குழாய்க்கும் டப்பாவுக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஈரத்துணியைத் திணித்துவிட்டால் வண்டு அதற்குள் ஒளியாது. மேலே இரண்டு குச்சியைக் குறுக்காக வைத்து, கொசுவலைத் துணியில் கட்டிய சாணி உருண்டையைத் தொங்கவிட வேண்டும். டப்பாவில் இரண்டு விரல்கட்டைத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் சின்ன வண்டுகள் தண்ணீரின் மேல் மிதந்து, விளிம்பேறிப் பறந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு சந்தேகம். தேரியில் கிடைக்கும் ஒரு சின்னச் சாணி வண்டுக்கு மேலிறகு வெளிறிய மஞ்சள், அதில் கறுப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில், வயலும் வாழையும் இருக்கிற இடத்தில், அதே வடிவ வண்டுக்கு இறகில் கறுப்பு பாதிக்கு மேல் படர்ந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் யாரும் இரண்டு வண்டு என்றுதான் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் விலங்கியல் நடத்தும் நண்பர் ஒருவர், "இது துணைச்சிற்றினமாகவே இருக்கும், எழுதிவிடலாம்" என்றார். ஒரே சிற்றினத்துக்குள் ஒரு பகுதிக்கென்று தனித்துத் தெரியும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். எழுதலாம், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது இந்த வேலை. வண்டு ஆந்தோபேகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. சிற்றினப் பெயர் கட்டுரையில் வரட்டும்.

ஆந்தோபேகஸைத் தொட்டவர் தப்புவது கஷ்டம். உலகத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இந்த ஒரு பேரினத்தில் மட்டும். நம் ஊர்ச் சாணியில் ஒரு நாளில் நாலைந்து வகை வந்து விழும். சாணியை உருட்டிக்கொண்டு போகிற கிம்னோப்ளூரஸ், சிசிபஸ் எல்லாம் பார்த்தவுடன் பிரிந்துவிடும். பெரிய கறுப்பு கத்தார்சியஸ் மொலோசஸுக்குப் புத்தகமே வேண்டாம், 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த வண்டு அது. ஆந்தோபேகஸ்கள் உருட்டுவதில்லை. சாணிக்கு நேர் கீழே குழி தோண்டி உள்ளே இழுத்துப் புதைக்கும். எல்லாம் சின்னது, எல்லாம் ஒரே சாடை.

சாணி வாங்கப் போனது ஒரு கிடைக்கு. தேரி ஓரத்தில் உடை மரங்களுக்கு நடுவே மாடு அடைத்திருந்த கோனார் அண்ணாச்சி, நாங்கள் துணியில் சாணியைப் பொட்டலம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, மாடு கேட்டு வாரவன் உண்டு, பாலு கேட்டு வாரவன் உண்டு, பீயுருட்டானுக்குப் பொட்டலம் கட்டுதவன இப்பத்தான் பாக்கேன்" என்றார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மாட்டுக்குக் குடற்பூச்சி மருந்து எப்போது போட்டது என்பது. ஐவர்மெக்டின் மாதிரியான மருந்துகள் பெரும்பகுதி சாணியோடுதான் வெளியேறுகின்றன, சாணியில் வளரும் புழுக்களைப் பாதிக்கின்றன. ஒரு ஊரில் மருந்து போட்ட மாட்டுச் சாணி, இன்னொரு ஊரில் போடாத மாட்டுச் சாணி என்று வைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும். "எங்க மாட்டுக்கு வேப்பங்கொழுந்துதான் மருந்து" என்றார் அண்ணாச்சி. அப்புறம் எல்லா ஊருக்கும் அவருடைய சாணிதான் போனது, மூடி போட்ட வாளியில், பேருந்தில். பேருந்தில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

பகலில் தேரியில் சாணி உருண்டை சீக்கிரமே ஓடு கட்டிவிடும். வாசனை போனால் வண்டும் வராது. அதனால் வெயில் சாய்ந்தபின் வைத்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் ஒரு தடவை பார்த்து, உருண்டையை மாற்றிவிட்டு வர வேண்டும். மழைக்குப் பிந்தைய நாட்கள்தான் நல்ல நாட்கள். கோடை மழை விழுந்த கையோடும், ஐப்பசி கார்த்திகையிலும் டப்பா நிறையும். பங்குனியில் எறும்புதான் நிறையும்.

சட்ட விஷயம் ஒன்று. நாங்கள் பொறி போட்டதெல்லாம் பட்டா நிலம், உடையவர் அனுமதியோடு. களக்காட்டில் வேலியைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் அங்கே ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கவும் இல்லை. அடிவாரத் தோட்டங்களிலேயே வேண்டியது கிடைத்தது.

சரி, வண்டு வந்தாயிற்று. முதல் வேலை கழுவுவது. சாணி வண்டின் மேல் சாணி காய்ந்துவிட்டால் இறகின் புள்ளிக்குழிகளும் மயிரும் ஒன்றும் தெரியாது. அடையாளமே அவற்றில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தள்ளிவிட வேண்டும். கண்ணாடிக் கடைகளில் மூக்குக்கண்ணாடி கழுவ வைத்திருக்கும் சின்ன அல்ட்ராசோனிக் பெட்டி இதற்கு அருமை. ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் கால் உதிரும்.

வண்டுக்கு ஊசி குத்துகிற இடம் உலகம் முழுக்க ஒன்றுதான்: வலது மேலிறகின் முன்பகுதி. நடுவில் குத்தினால் முன்மார்புக்கும் இறகுக்கும் நடுவே உள்ள அடையாளங்கள் போய்விடும். கடைக் குண்டூசி வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடித்து வண்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். துருப்பிடிக்காத பூச்சியியல் ஊசி வாங்கியே ஆக வேண்டும். எங்கள் வண்டு ஊசி தாங்காத அளவுக்குச் சின்னது. ஆகவே கெட்டி அட்டையில் முக்கோணம் வெட்டி, அதன் முனையை லேசாக மடக்கி, வண்டின் வலப்பக்க மார்பில் தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டி, அட்டையின் மறுமுனையில் ஊசி. பெட்டி வைக்கிற மேசையின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். அதை மறந்தால் ஒரே ராத்திரியில் எறும்பு உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு ஓட்டை மட்டும் விட்டுவைக்கும்.

வண்டுக்குக் கீழே குத்தும் விவரச் சீட்டு எழுதுவதில் திருநெல்வேலிக்காரர்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டம், 2019இல் தென்காசி தனி மாவட்டம். பழைய வண்டு மாதிரி ஒன்றின் சீட்டில் "டின்னவெல்லி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கோவில்பட்டிக் கரிசலா, குற்றாலத்துச் சாரலா, உவரிக் கடற்கரையா, எதுவும் தெரியாது. எங்கள் வேலையில் இந்த மண்ணுக்கு மண் வித்தியாசம்தான் கேள்வியே. அதனால் ஒவ்வொரு வண்டின் கீழும் ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பொறியின் வகை, பிடித்தவர் பெயர், எல்லாம். தேதியில் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம், நாளும் மாதமும் குழம்பாமலிருக்க. சீட்டு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது.

இனி அடையாளம். இந்தியாவின் சாணி வண்டுகளுக்கு இன்றும் முதலில் எடுக்கிற புத்தகம் கில்பர்ட் ஜான் ஆரோ 1931இல் எழுதியது, பிரிட்டிஷ் இந்தியா விலங்குத் தொகுதி வரிசையில் லாமெல்லிகார்னியா என்ற வண்டுப் பிரிவின் மூன்றாம் பாகம். 1910இல் முதல் பாகம், 1917இல் இரண்டாம் பாகம். பூ வண்டு, காண்டாமிருக வண்டு, பச்சை வண்டு என்று வரிசையாக வந்த அந்தத் தொகுதியில் கடலை விவசாயிகளை அழவைக்கும் வேர்ப்புழுவின் தாய் வண்டுகள், அதாவது மெலோலோந்தினே துணைக்குடும்பம், வரவேயில்லை. அந்த ஓட்டை அப்படியே நின்றுபோனது. விவசாயிக்கு அதிகம் வேண்டியது அதுதான் என்பது என் குறை.

அடையாளம் காண ஆரோ தந்த அட்டவணை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும். தலையில் குறுக்கு மேடு உண்டா இல்லையா, முன்மார்பு ஓட்டில் புள்ளியா பருவா, இறகில் மயிர் வரிசையா சிதறலா. இதில் ஆணின் கொம்பு வருகிற இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். ஆந்தோபேகஸ் ஆண் கொம்போடும் இருக்கும், கொம்பில்லாமலும் இருக்கும், ஒரே தாயின் பிள்ளைகளாகவும் இருக்கும். தாய் புதைத்து வைத்த சாணி உருண்டை பெரிதாக இருந்தால் புழு நன்றாகத் தின்று ஒரு எல்லையைத் தாண்டி வளரும். அந்த எல்லையைத் தாண்டிய ஆணுக்குக் கொம்பு முழுசாக முளைக்கும், தாண்டாததற்குத் துளிதான். டக்ளஸ் எம்லென், ஆர்மின் மோசெக் ஆகிய ஆய்வாளர்கள் இதை வளர்த்துப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். சாணி சீக்கிரம் காய்கிற தேரியில் கொம்பற்ற ஆண்கள் கூடுதலாகக் கிடைத்தால் அதில் ஆச்சரியமில்லை, எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. கொம்பை வித்தியாசப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

முன்னங்காலின் பற்களையும் எடுத்தோம். களக்காட்டு வண்டில் பல் கூராக இருக்க, தேரி வண்டில் மழுங்கியிருந்தது. நண்பருக்கு ஒரே சந்தோஷம். மழைக்கு அடுத்த வாரம் பிடித்த தேரி வண்டுகளை எடுத்து வைத்தோம், அவற்றில் பல் கூராகவே இருந்தது. தோண்டித் தோண்டித் தேய்வதுதான். வயசைச் சொல்லும் அடையாளமே தவிர வகையைச் சொல்லாது.

நிறத்துக்கும் இதே பரிசோதனை. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டின் ஓடு மெத்தென்று வெளிறி இருக்கும், நாட்பட்டுத்தான் இறுகிக் கறுக்கும். ஆகவே இறகை ஊசிமுனையால் அழுத்தினால் அமுங்குகிற வண்டுகளையெல்லாம் கணக்கிலிருந்து தள்ளினோம். மிச்சத்தை ஒரே விளக்கில், ஒரே வெள்ளைத் தாளின் மேல் படம் எடுத்து, இடது மேலிறகில் கறுப்பு எத்தனை பங்கு என்று கணினியில் அளந்தோம். பளபளப்பான இறகில் விளக்கின் வெளிச்சமே வெள்ளைப் புள்ளியாக விழும். அதற்கு டிரேசிங் தாளைக் குழலாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்தி, விளக்கை வெளியே வைத்தால் போதும். விலை உயர்ந்த சாதனம் எதுவும் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. சாணி வண்டுகள் சேர்ந்த ஸ்காரப் கூட்டத்தில் கடைசி வார்த்தை ஆணின் இனப்பெருக்க உறுப்புக்குத்தான், ஏடியகஸ் என்பார்கள். அது கெட்டியான பொருள், காய்ந்தாலும் சுருங்காது. காய்ந்த வண்டை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வயிற்றின் பின்நுனித் தகட்டைச் சற்று நெகிழ்த்தி, கொக்கிபோல் வளைத்த மெல்லிய ஊசியை உள்ளே விட்டு இழுத்தால் பழுப்பு நிறத்தில் வரும். அவசரப்பட்டால் தசை பிய்ந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். நுனியில் இரண்டு இதழ்கள், பாராமியர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அவற்றின் வளைவும் நுனியும் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறு. உள்ளே மடிந்திருக்கும் பையில் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், அவை இன்னும் நுட்பம். அதைப் பார்க்க பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துத் தசையைக் கரைத்து, தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் மறுபடி அலசி, கிளிசரினில் போட வேண்டும். கரைசல் கொதிக்கக் கூடாது, கையில் படவும் கூடாது. வேலை முடிந்ததும் உறுப்பைக் குட்டிக் குப்பியில் கிளிசரினோடு அடைத்து அதே ஊசியில் வண்டுக்குக் கீழேயே குத்திவிட வேண்டும். தனியாக வைத்தால் எது எதனுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தேரி ஆண், களக்காட்டு ஆண், இரண்டின் பாராமியரும் ஒன்றேதான். பைக்குள் இருந்த தகடுகளும் அப்படியே. ஆகவே தனிச் சிற்றினம் என்ற பேச்சு அன்றே முடிந்தது. மிச்சம் இருந்தது துணைச்சிற்றினம்.

இங்கே விதி நமக்கு உதவாது. விலங்குகளின் பெயரிடல் விதித்தொகுப்பு, இப்போது நடப்பில் இருப்பது 2000 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த நாலாம் பதிப்பு, பெயரை எப்படி வைப்பது என்று மட்டும்தான் சொல்லும். துணைச்சிற்றினம் என்றால் என்ன என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை, அது நம் பொறுப்பு. பறவையியலாளர் டீன் அமடான் 1949இல் ஒரு அளவுகோல் வைத்தார்: ஒரு கூட்டத்தில் 75 சதவீதமாவது மற்றக் கூட்டத்தின் ஏறக்குறைய அனைத்திலிருந்தும் பிரித்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் அளவுகளைப் போட்டுப் பார்த்தால், தேரியையும் களக்காட்டையும் மட்டும் வைத்துக்கொண்டால், தேறிவிடுகிறது. நண்பர் பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்.

ஆனால் நடுவில் நாங்குநேரி இருக்கிறது. தேரியிலிருந்து மேற்கே போகப் போக மணல் குறைந்து, செம்மண்ணாகி, குளத்துப் பாசனத்து வயலாகி, பிறகுதான் அடிவாரம். வண்டுக்குச் சிறகு உண்டு, வழியெல்லாம் மாடும் உண்டு. நாங்குநேரியிலும் அதன் இரண்டு பக்கத்திலும் பொறி போட்டு அதே அளவை எடுத்தோம். வந்தது அத்தனையும் கலவை. வெளிறியது, கறுத்தது, நடுத்தரம், எல்லாம் ஒரே டப்பாவில். வரைபடத்தில் போட்டால் கடற்கரையிலிருந்து மலைவரைக்கும் கறுப்பு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது, எந்த இடத்திலும் கோடு கிழிக்க முடியவில்லை. எறும்பு ஆய்வாளர்கள் இ. ஓ. வில்சனும் டபிள்யூ. எல். பிரவுனும் 1953இல் துணைச்சிற்றினம் என்ற பழக்கத்தையே எதிர்த்து எழுதியபோது வைத்த வாதங்களில் ஒன்று இந்த மாதிரிச் சரிவுதான். இரண்டு கோடியில் மட்டும் பிடித்தால் இரண்டு பெயர் கிடைக்கும், நடுவில் பிடித்தால் ஒன்றுகூடக் கிடைக்காது. பழைய துணைச்சிற்றினப் பெயர்களில் எத்தனை இப்படி நடுவூரில் யாரும் இறங்காததால் பிறந்தவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெயரை வைத்தால்தான் என்ன, தப்பென்றால் பின்னால் வருகிறவர் நீக்கிக்கொள்ளட்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நீக்க முடியாது என்பதுதான் சிக்கல். துணைச்சிற்றினமாக வைத்த பெயருக்கும் சிற்றினமாக வைத்த பெயருக்கும் முன்னுரிமையில் ஒரே மதிப்பு. ஒருமுறை முறைப்படி அச்சேறிய பெயர் வழக்கற்றுப் போனாலும் இணைப்பெயர்ப் பட்டியலில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்து அந்தப் பேரினத்தைத் திருத்துகிறவர் அதன் வகை மாதிரியையும், அதாவது எந்த வண்டை ஆதாரமாகக் கொண்டு அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அதையும், தேடிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். 1961க்கு முன் "வெரைட்டி" என்று சும்மா நிறத்துக்கு வைத்த பெயர்கள்கூடப் பெரும்பாலும் துணைச்சிற்றினப் பெயராகவே கணக்கில் வருகின்றன. பூ வண்டுகளைப் படிக்கிறவர்களைக் கேட்டால் அழுவார்கள்.

வகை மாதிரியைப் பார்ப்பது நமக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டுப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் யோஹான் கிறிஸ்டியன் பப்ரீசியஸ். தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களின் ஊர், அங்கிருந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அனுப்பிய பூச்சிகள் அவர் கைக்குப் போயின. இருவருமே லின்னேயஸின் மாணவர்கள். அந்த மாதிரிகளில் பல இன்று கோபன்ஹேகனில் இருக்கின்றன. ஆரோ பார்த்தவை லண்டனில். மாட்டுச் சாணியில் பிடித்ததைக் கோபன்ஹேகன் படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. பல அருங்காட்சியகங்கள் கேட்டால் படம் அனுப்புகிறார்கள், அது இந்தக் காலத்தின் புண்ணியம். பாராமியரைப் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகுப் படம் மட்டும் வரும்.

தேரி வண்டுக்குப் பெயர் இல்லை என்று முடிவானதும் நண்பர் கொஞ்ச நாள் பேசவில்லை. இப்போது நிறச் சரிவைப் பற்றி, ஆணுறுப்புப் படங்களோடு, ஒரு மறுவிவரிப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த வண்டுக்கு உள்ளுறுப்பின் நல்ல படம் எங்கள் கண்ணில் படவில்லை. அது ஒரு புதுப் பெயரைவிட அடுத்தவருக்கு உபயோகம் என்று நான் சொல்கிறேன், அவர் அரைமனதாக ஒத்துக்கொள்கிறார்.

இடையில் வேறொன்று மாட்டியிருக்கிறது. களக்காட்டுத் தோட்டத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு வைத்த ராத்திரியில், தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுகளும் வேப்பிலை தின்னும் ஹோலோட்ரிக்கியாவும் வந்து மொய்த்த கூட்டத்தில், பழுப்பாக, பட்டுப்போல், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு ஆண் வண்டு. செரிசினி என்ற வண்டுக் கூட்டம், அதில் மலடெரா பேரினத்தின் சாடை. இவை எல்லாம் வெளியே ஒரே மாதிரி, உள்ளே பாராமியர் மட்டும் இடதும் வலதும் வேறு வேறு வடிவில் கோணிக்கொண்டு இருக்கும். ஆரென்ஸும் பாப்ரிட்சியும் 2016இல் இந்தியச் செரிசினிகளுக்குப் பெரிய தொகுப்பு வெளியிட்டு, பல புதிய சிற்றினங்களை விவரித்திருக்கிறார்கள். அதில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். எதனோடும் பொருந்தவில்லை. இந்தத் தடவை வித்தியாசம் நிறத்தில் இல்லை, உறுப்பில் இருக்கிறது.

இருந்தும் ஒரே ஒரு ஆண். ஒன்றை வைத்தே விவரிக்கப் பெயரிடல் விதி இடம் தருகிறது. ஹோலோடைப் என்று ஒரு மாதிரியைக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்று எழுதினால் போதும். மின்பதிப்பாக வெளியிட்டால், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவு எண்ணும் வேண்டும். நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆவது பிரிவும் உண்டு: புது வகை கண்டவர் குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு களஞ்சியம். ஹோலோடைப் வீட்டுப் பெட்டியில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் முழுச் சம்மதம், எறும்புக்கு ஆராய்ச்சி தெரியாது.

ஆனால் ஒரு ஆணை வைத்து எழுதினால் அளவு எவ்வளவு மாறும், நிறம் மாறுமா, பெண் எப்படி இருக்கும், எதுவும் சொல்ல முடியாது. தேரி வண்டு சொல்லித் தந்ததை இங்கே விடுவானேன். தோட்டக்காரரிடம் பேசியாயிற்று. கோடை மழை விழுந்ததும் போன் போடுகிறேன் என்றார், மின்சாரம் இருந்தால் மோட்டார் அறையிலிருந்தே வயர் இழுத்துக்கொள்ளலாம் என்றும். இல்லாவிட்டால் பேட்டரி விளக்கு. நண்பர் இன்னொரு வேட்டி கொண்டுவருகிறார்.